மரம் எத்தனை அடி

ஆவணி 3, ஞாயிறு

இந்த டைரி நாலு வருஷத்துக்கு முந்தினது. ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளி என்னைத் தேடி வந்து கொடுத்தது. தெருவில் எல்லாருக்கும்தான் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்குக் கொடுத்தபோது கையைப் பிடித்துக் கொடுத்தார், அதுதான் வித்தியாசம்.

இதில் எழுதச் சொன்னது என் தங்கை பவளக்கொடி. மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். மூன்று வாரப் பயிற்சிக்குச் சென்னை போயிருக்கிறாள். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் பதினோரு வயது நிறைமதியும் எட்டு வயது அமுதனும் தாய்மாமன் வீட்டில், அதாவது சுருளி சவுண்ட் சர்வீஸ் தலைமை அலுவலகத்தில், என் பொறுப்பில். பிள்ளைகள் என்ன செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். போனில் சொல்லிவிடுகிறேனே என்றேன்.

“போன்ல நீ அளப்பண்ணே. எழுதுனா கை வலிக்கும். கை வலிச்சா உண்மை கொஞ்சம் கூடுதலா வரும்” என்றாள்.

நான் எட்டாம் வகுப்பு முக்கால்வாசி படித்தவன். அந்தக் காலத்து எட்டாவது இந்தக் காலத்துக் காலேஜுக்குச் சமம் என்று ஒரு தாசில்தாரே என்னிடம் ஒத்துக்கொண்டிருக்கிறார். எழுத்தைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை.

பஸ் ஏறுவதற்கு முன்னால் பவளம் என் ஃபிரிட்ஜில் ஒரு தாளை ஒட்டினாள். “பொம்பளப் பிள்ளைன்னா என்றோ ஆம்பளப் பிள்ளைன்னா என்றோ தொடங்கும் பேச்சு இந்த வீட்டில் கூடாது. மீறினால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது பேசினவர்.” இதைவிடச் சுலபமான சட்டத்தை நான் பார்த்ததில்லை. நமக்கு எதற்கு அந்தப் பேச்சு என்று சிரித்தேன்.

பஸ் போய் இருபது நிமிஷம் இருக்கும். அமுதன் ஸ்பீக்கர் பெட்டியில் முட்டியை இடித்துக்கொண்டு அழுதான். ஆறுதலாக, ஆம்பளப் பிள்ளைன்னா அழலாமா என்று கேட்டேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டுத் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினான். அழுகை நின்றது நின்றதுதானே. என் வைத்தியம் பலித்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பாத்திரம்: நான்.

ஆவணி 4, திங்கள்

காலையில் மதிக்குச் சடை. அறுபது ஒயரை இருட்டில் பிரித்துக் கட்டுகிறவனுக்கு மூன்று கால் சடை ஒரு பெரிய விஷயமா? ஒயர் கட்டுகிற மாதிரியே இழுத்துக் கட்டினேன். பிள்ளைக்குக் கண் இமைக்க வரவில்லை. அமுதன் முக்காலி போட்டு ஏறி, நான் பின்னியதை அவிழ்த்துவிட்டு, இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டினான். கடைக்காரன் பொட்டலம் கட்டுகிற வேகம். எங்கேடா படிச்ச என்றால், லீவில் வந்தபோது அப்பா சொல்லிக் கொடுத்தாராம். ஆம்பளப் பிள்ளை சடை, என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பாதி வாக்கியத்துக்குப் பாதிப் பாத்திரம் என்று தீர்ப்பானது.

அத்தோடு முடியவில்லை. இன்று தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அமுதன் சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தான். தெரு பார்க்கிறது, தோளில் வை என்றேன். எது லேசு என்று கேட்டான். ஆம்பளைக்குத் தோளில் அதற்கென்று ஒரு எலும்பு உண்டு என்று விளக்கினேன். மீதிப் பாதிப் பாத்திரமும் வந்து சேர்ந்தது.

காலை இட்லி. மதியம் பள்ளிக்கூடத்துக்கு எலுமிச்சைச் சோறு. எல்லாம் என் கைப்பக்குவம். (இட்லி கடையில் வாங்கியது.)

பாத்திரம்: நான், முழுவதும்.

ஆவணி 6, புதன்

அலமாரியில் இருக்கும் பித்தளைக் குடத்தைப் பற்றி அமுதன் கேட்டான். இந்த ஊரில் அதைப் பற்றித் தெரியாதவன் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் நடுத்தெருக் கண்ணன் கோயில் வழுக்குமரத்தன்று மைக்கில் நானே சொல்லுகிற வரலாறு. இருந்தாலும் கேட்கிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா?

முப்பது வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பதினாலு வயது. பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு என்று தனி மரம். மரத்தில் விளக்கெண்ணெய், கற்றாழைச் சோறு எல்லாம் பூசியிருப்பார்கள். கீழேயிருந்து மஞ்சத் தண்ணீரை வாரி மூஞ்சியில் அடிப்பார்கள். ஏறுகிறவன் இடுப்பில் ஒரு சாம்பல் முடிச்சு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு அடி. ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் தொங்கிய பண முடிப்பை அறுத்தேன். குடத்தில் “வழுக்குமரம் வென்ற செ. சுருளிவேல்” என்று வெட்டியிருக்கிறது. பித்தளை பொய் சொல்லுமா?

மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று அமுதன் கேட்டான். மேகமலை தெரிந்தது, அதற்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது என்றேன்.

மதி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், “மடைப்பள்ளி ஓட்டு மேல ஒத்தச் செருப்பு கெடந்துச்சாம். அம்மா சொன்னாங்க” என்றாள்.

ஆமாம், செருப்பும் கிடந்தது. பவளத்துக்கு அதை நான்தான் சொல்லியிருப்பேன். வேறு யார் சொல்ல முடியும்?

பாத்திரம்: மதி. (என் மேல் இன்று குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை.)

ஆவணி 9, சனி

கோயிலில் கோகுலாஷ்டமிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற நாள். இன்றைக்கென்று பார்த்து என் வேலையாள் பரமன் லீவு கேட்டான். பெண்டாட்டிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, கூடவே இருக்க வேண்டும் என்றான். பிள்ளை பெறுவது அவள், நீ அங்கே போய் என்னடா கிழிக்கப் போகிறாய், ஆம்பளைன்னா, என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் அமுதன் நின்றதைக் கவனிக்கவில்லை.

பரமன் போய்விட்டான். வேப்பமரத்தில் இருபதடி உயரத்தில் குழாயைக் கட்ட வேண்டும். நானே ஏறியிருப்பேன். எனக்கு என்ன, மரம் ஏறிக் குடம் வாங்கியவன். ஆனால் இன்று சனிக்கிழமை, தவிர வலது முட்டியில் ஒரு பிடிப்பு, தவிர ராகுகாலம் வேறு. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் மதி குழாயைத் தோளில் மாட்டி ஏணியில் ஏறிவிட்டாள். கிளைக்குத் தாவி, கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கி, ஒயரை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினாள். ஐந்து நிமிஷம். பரமன் ஒரு பீடியோடு சேர்த்து அரைமணி எடுப்பான்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஏணி பிடிப்பதுதான் கஷ்டமான வேலை.

“மாமா, ஏன் கண்ண மூடிருந்தீங்க?” என்று அமுதன் கேட்டான். கோயில் வாசலில் நிற்கும்போது கண்ணை மூடாமல் என்ன செய்வார்கள்?

பாத்திரம்: நான்.

ஆவணி 10, ஞாயிறு

மதி வழுக்குமரம் ஏறப்போகிறாளாம். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். பொம்பளப் பிள்ளைன்னா, என்று வாய் திறந்தேன், மூடினேன். வேறு காரணம் தேடினேன். அரைமணி நேரம் தேடினேன். அந்தத் தாளில் உள்ள வாக்கியத்தை எடுத்துவிட்டால் எனக்குச் சொல்வதற்குக் காரணமே மிஞ்சவில்லை. இப்படி ஒரு சட்டத்தை நான் பார்த்ததில்லை.

சரி, பேர் கொடுக்கிறேன் என்றேன். மதி அதுவரை தொடாத பாகற்காயை எடுத்துச் சாப்பிட்டாள்.

பாத்திரம்: மூடிய வாய்க்குத் தண்டனை இல்லை என்று அமுதன் சொன்னான். மூவரும் சேர்ந்து கழுவினோம்.

ஆவணி 12, செவ்வாய்

விழாக் கமிட்டித் தலைவர் எண்ணெய்க்கடை தாமோதரன். மரத்துக்கு விளக்கெண்ணெய் அவர் உபயம் என்பதால் மரமே அவருடையது மாதிரி பேசுவார். பதினைந்து பேர் கொண்ட பட்டியலில் நிறைமதி என்று எழுதச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார்.

“வழக்கம் இல்ல சுருளி. இந்த மரத்துல பொட்டப் புள்ள ஏறுனதா சரித்திரமே கெடையாது. இருந்தா காட்டு, எழுதிக்கிறேன். அம்புட்டுத்தேன்” என்றார்.

மலேசியாவில் பெண்கள் மட்டும்தான் ஏறுவார்கள், நானே போய் மைக் கட்டியிருக்கிறேன் என்றேன். அப்படியா என்று நம்பினார். துவாரகையில் முதன்முதலில் ஏறியதே கோபிகைகள்தான், கல்வெட்டு இருக்கிறது என்றேன். அதையும் நம்பினார், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வியந்தார். ஆனால் அதெல்லாம் அந்த ஊர் மரம், இந்த மரத்தில் ஏறினதாக ஒருத்தி பேரைச் சொல் என்றார்.

சொல்ல யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும்போது, “நீ ஏறுன மரந்தேன சுருளி, ஒனக்குத் தெரியாததா. பன்னெண்டு அடியில எல்லாருக்கும் மூச்சு வாங்கும்” என்றார். பன்னிரண்டு என்பது இப்போதைய கணக்கு. அந்தக் காலத்து மரம் நீளமானது.

மதியிடம், கமிட்டி கூடி யோசிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பாத்திரம்: நான். தாமோதரன் பேசியதைப் பிள்ளைகளிடம் அப்படியே ஒப்பித்ததற்கு. மேற்கோளுக்கும் தண்டனை உண்டாம்.

ஆவணி 13, புதன்

கமிட்டி இன்னும் யோசிக்கிறது.

ஆவணி 16, சனி

பந்தல் போடுகிற சவுக்குக் கம்பு ஒன்றைப் பின்கட்டில் நட்டு, வைக்கோலைப் பரப்பி, விளக்கெண்ணெய் பூசிக் கொடுத்தேன். பயிற்சியாளர் நான். முழங்காலை இப்படி வை, குதிகாலால் அமுக்கு என்று கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் மூன்றடி. சாயங்காலம் ஆறடி. ஒவ்வொரு தடவையும் சர்ரென்று வந்து வைக்கோலில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

அமுதன் சாம்பலைச் சலித்து ஈரத்துணியில் முடிச்சுக் கட்டினான். சடையைத் தலையைச் சுற்றிக் கிரீடம் மாதிரி பின்னிவிட்டான், எண்ணெயில் முடி மாட்டக் கூடாதாம். அவன் ஒருமுறையும் கம்பைத் தொடவில்லை. நீ ஏறலையாடா என்றேன். “எனக்குப் பயமா இருக்கு மாமா” என்றான். பசிக்குது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். நான் கம்புக்கு இன்னொரு தடவை எண்ணெய் பூசினேன்.

மதி வைக்கோலில் இருந்தபடி, “மாமா, முடிப்புகிட்ட போனதும் எந்தக் கையை விடணும்?” என்று கேட்டாள். வலது கை என்றேன். “அம்மா இடது கைன்னாங்க” என்றாள். பிறகு, அம்மா சும்மா சொல்லியிருப்பாங்க என்று அவளே சொல்லிவிட்டு மறுபடி ஏறப்போய்விட்டாள்.

பவளம் இடது கைக்காரி. அதனால் அப்படிச் சொல்லியிருப்பாள்.

பாத்திரம்: அமுதன்.

ஆவணி 20, புதன், கோகுலாஷ்டமி

சீடை. ஆயிரம் பேருக்குச் சீடை சுட்ட அனுபவம் எனக்கு உண்டு, குறைந்தது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாவைச் சலிக்கத் தேவையில்லை என்று சொன்னது நான்தான். முதல் ஈடு வெடித்தது. ஒன்று கூரையில் போய் ஒட்டியது, ஒன்று என் நெற்றிக்கு வந்தது. மதியும் அமுதனும் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே வர மறுத்தார்கள்.

பிறகு அமுதன் மாவை இரண்டு தடவை சலித்து, ஒவ்வொரு உருண்டையிலும் ஊசியால் குத்தி, என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். ஒன்றும் வெடிக்கவில்லை. தாமோதரன் வீட்டுக்கு ஒரு டப்பா அனுப்பினேன். சீடை யார் சுட்டது, இப்படி வாயில் கரைகிறதே என்று கேட்டனுப்பினார். நான்தான் என்று சொல்லியனுப்பினேன்.

அமுதன் கேட்டுக்கொண்டிருந்தான். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போனான்.

பாத்திரம்: அவன் கழுவிவிட்டான்.

ஆவணி 22, வெள்ளி

கமிட்டி யோசிப்பதாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை மதி இன்று தானே போய் விசாரித்துவிட்டாள். எண்ணெய்க்கடையில் அவரிடம் நேராகக் கேட்டிருக்கிறாள். ஒருத்தி ஏறியிருந்தா ஏத்துவேன், ஒங்க மாமனையே கேளு, அவன் ஏறுன மரம்தேன் என்றிருக்கிறார். திரும்பி வந்தவள் பின்கட்டுக் கம்பில் இருந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இனித் தேவைப்படாது என்பதுபோல.

நான் சமையலறையில் இருந்தேன். வெளியே பிள்ளைகள் பேசுவது கேட்டது.

“அக்கா, அம்மா ஏறுனத அவருகிட்டச் சொல்ல வேண்டியதானே?”

“சொல்லக் கூடாதுடா. அம்மா சத்தியம் வாங்கிருக்காங்க. அது மாமா சொல்ல வேண்டிய கதையாம். நாம சொன்னா மாமாகிட்ட ஒண்ணுமே இருக்காதாம்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

பவளம், இதை நீ படிப்பாய். பிள்ளைகள் இரவு தோசை சாப்பிட்டார்கள். மதி இரண்டு, அமுதன் மூன்று.

ஆவணி 23, சனி

எழுத ஒன்றுமில்லை.

பாத்திரம்: நான். யாரும் சொல்லவில்லை.

ஆவணி 24, ஞாயிறு

கை வலிக்கும்வரை எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு வழுக்குமரம் நட்டார்கள். தெரு கொள்ளாத கூட்டம். மேஜையில் மைக், மைக்குப் பக்கத்தில் வழக்கம்போல என் பித்தளைக் குடம். வருஷா வருஷம் அதைக் காட்டித்தான் கதையை ஆரம்பிப்பேன். தாமோதரன் பட்டியலைக் கொடுத்தார். பதினைந்து பையன்கள். மதி கூட்டத்தின் முன்னால் நின்றாள், தலையில் கிரீடச் சடையோடு. பேர் இல்லாவிட்டாலும் அமுதன் பின்னிவிட்டிருந்தான்.

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். குழாய் கரகரத்தது. பேசினேன். என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

“தலைவரே, இந்த மரத்துல ஒரு பொம்பளப் பிள்ளை ஏறிருக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி. எஞ்சட்டையப் போட்டுக்கிட்டு, என் துண்டத் தலையில கட்டிக்கிட்டு. பேரு குடுத்தது நானு. மரத்தப் பாத்ததும் எனக்குக் கையும் காலும் ஆடிப்போச்சு. கோயிலுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிட்டேன். பன்னெண்டு வயசு எந்தங்கச்சி பவளக்கொடி ஏறி முடிப்ப அறுத்துட்டு வந்து, எண்ணெயும் மஞ்சத்தண்ணியுமா அந்தச் சட்டையக் கழட்டி என்கிட்டக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருச்சு. குடத்த நான் வாங்கிக்கிட்டேன். மரம் பன்னெண்டு அடி.”

தெருவே சிரித்தது.

“புதுக்கதையா சுருளி? போன வருஷத்துக் கதைதேன் நல்லாருந்துச்சு” என்றார் தாமோதரன். பின்னால் இருந்து ஒருவர், தங்கச்சி பாசத்தைப் பாருங்கய்யா, மருமகளை ஏத்திவிட என்னமா அளக்குறாரு என்றார். முப்பது வருஷத்தில் நான் சொன்ன பொய்யில் ஒன்றைக்கூட இந்த ஊர் சந்தேகப்பட்டதில்லை. முதல்முறையாக உண்மையைச் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள்.

அப்போது பரமன் வந்தான், கையில் லட்டு டப்பா. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. விஷயத்தைக் கேட்டுவிட்டு எனக்கு ஒரு லட்டு கொடுத்தான், தாமோதரனுக்கு ஒன்று கொடுத்தான். அப்புறம் சாவகாசமாகச் சொன்னான்.

“தலைவரே, நான் அண்ணன்கிட்ட பதினாறு வருஷமா வேலை பாக்குறேன். ஏணியில ரெண்டாம் படிக்கு மேல அண்ணன் காலு போயி நான் பாத்ததில்ல.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்தது தெரிந்தது. முட்டிப் பிடிப்பு, ராகுகாலம், சனிக்கிழமை எல்லாம் ஊருக்கு ஞாபகம் வந்திருக்கும். தாமோதரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேப்பமரத்துக் குழாய் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது, நீயே ஏறி நேராக்கு பார்ப்போம் என்றார்.

ஏறினேன். முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியில் கால் வைத்துக் கீழே பார்த்ததுதான் ஞாபகம். ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. இந்த முறை கண்ணை மூடியது சாமி கும்பிட அல்ல.

கீழே ஒரு சின்னக் கை என் குதிகாலைப் பிடித்தது. “மாமா, இந்தக் கால மட்டும் எறக்குங்க. பயமா இருந்தா அழுகலாம், பரவால்ல” என்றான் அமுதன். அழுதேனா இல்லையா என்பதைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இருக்கிறது. அழுதேன்.

இறங்கியதும் தாமோதரன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “சத்தியமா இவன் ஏறிருக்க மாட்டான்.” பிறகு குடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏறினது பவளக்கொடி என்றால், வழக்கம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பதினாறாவது பேர், நிறைமதி. மைக்கில் நானே வாசித்தேன். குழாய் சாய்ந்துதான் இருந்தது, ஆனால் அடுத்த தெருவரை கேட்டிருக்கும்.

இனி நடந்ததை அளக்காமல் எழுதுகிறேன். முதல் தடவை நாலடி. இரண்டாவது ஆறடி. மூன்றாவது எட்டடி, அதுவும் மஞ்சத் தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்க. அங்கேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சர்ரென்று வைக்கோலுக்கு வந்தாள். முடிப்பை அறுத்தது பால்காரர் மகன். மதி அவனிடம் போய், எந்தக் கையை விட்ட என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த வருஷத்துக் கவலை.

அவளிடம் கேட்டேன், மேலேயிருந்து என்ன தெரிந்தது, அந்தச் செருப்பு இன்னும் கிடக்கிறதா என்று.

“எட்டடிக்கு அந்த ஓடு தெரியல மாமா. ஒங்க வழுக்கைதான் தெரிஞ்சுச்சு. நல்லா பளபளன்னு” என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் எண்ணெய்க்கடையில் நின்று, புதன்கிழமைச் சீடை சுட்டது நான் இல்லை, அமுதன் என்று தாமோதரனிடம் சொன்னேன். அதை அவர் உடனே நம்பினார்.

பாத்திரம்: மைக்கில் “பொம்பளப் பிள்ளை” என்று சொன்னேனே என்று நானே எழுந்தேன். அது நடந்த விஷயம், அதற்குத் தண்டனை இல்லை என்று அமுதன் தீர்ப்புச் சொன்னான். ஆனாலும் நான்.

ஆவணி 25, திங்கள்

குடத்தைப் பாத்திரக்கடைக்கு எடுத்துப்போனேன். பேர் வெட்டுகிறவர், வெட்டின எழுத்தை அழிக்க முடியாது, கீழே வேண்டுமானால் புதிதாக வெட்டலாம் என்றார். யோசித்து எழுதிக் கொடுத்தேன். “ஏறியது தங்கை பவளக்கொடி. கீழே நின்றது அண்ணன்.” டக் டக்கென்று அரைமணியில் வெட்டிக் கொடுத்துவிட்டார்.

பவளம் இரவு பஸ்ஸில் கிளம்புகிறாள்.

ஆவணி 26, செவ்வாய்

காலை ஐந்தரைக்கு வந்து இறங்கினாள். பிள்ளைகள் எழுவதற்குள் டீயைக் குடித்துக்கொண்டே இந்த டைரியை முழுசாகப் படித்தாள். சீடை வெடித்த இடத்தில் சிரித்தாள். இருபத்திரண்டாம் தேதியில் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தோசைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதலாம், ஆனால் அப்படி இல்லை.

குடத்தை எடுத்து நீட்டினேன். கீழே வெட்டியிருந்ததை விரலால் தடவிப் படித்தாள்.

“இதுலயும் அளந்திருக்கியேண்ணே. நீ எங்க கீழ நின்ன? பின்னாடில்ல ஒளிஞ்சிருந்த” என்றாள்.

எழுத்துக்கு இடம் பத்தவில்லை என்றேன்.

வெளியே தெருக்குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடத்தை மறுபடி அலமாரியில் வைக்கப் போனேன். அவள் விடவில்லை.

“கொடத்த எதுக்கு அங்க வைக்கிற? தண்ணி வருது, போயிப் புடிச்சுட்டு வா.”

முப்பது வருஷத்தில் அந்தக் குடத்துக்குள் தண்ணீர் போனது இதுதான் முதல்முறை. நிரம்பியதும் தோளுக்குத் தூக்கினேன். சட்டை முழுக்கச் சிந்தியது. வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அமுதன் வாயில் நுரையோடு தன் இடுப்பைத் தட்டிக் காண்பித்தான். தெரு பார்த்தது. எண்ணெய்க்கடையைத் திறந்துகொண்டிருந்த தாமோதரன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். குடத்தை இடுப்பில் வைத்தேன். கனமே தெரியவில்லை. தோளில் எலும்பு என்று நான் சொன்னேனே, அதை எந்த மடையன் எனக்குச் சொன்னானோ தெரியவில்லை.

அப்படியே பத்து நடை அடித்தேன்.

சரி, மூன்று.